திருமக்காவை நிழலில் பதித்தோர்

நிழற்படக் கலை அரபு நாடுகளில் பரவத் தொடங்கியபோது மார்க்க அறிஞர்களிடையே பெரியதொரு வினா எழுந்தது. உருவம் வரைதலைப் பற்றிய தடை இக்கருவிக்கும் பொருந்துமா என்பதே அவ்வினா. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தீயாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முத்தீஈ இதற்கென்றே தனி நூலொன்று எழுதினார். நிழற்படக்காரன் புதிதாக எந்த உருவத்தையும் படைக்கவில்லை; இறைவன் படைத்த பொருளின் நிழல் கண்ணாடியில் வந்து விழுகிறது; அது அகன்று போகாதபடி அவன் தடுத்து வைக்கிறான், அவ்வளவே என்பது அவர் கொண்ட முடிவு. ‘ஹப்ஸுழ் ழில்’, அதாவது நிழலைச் சிறைப்பிடித்தல், என்னும் சொற்றொடரால் அக்கருத்து குறிக்கப்படலாயிற்று. தமிழிலும் நாம் அதனை ‘நிழற்படம்’ என்றே வழங்குகிறோம். நைல் நதிக்கரை ஃபகீஹும் தமிழ் நாட்டுச் சொல்லாக்கக்காரரும் ஒருவரையொருவர் அறியாமலே ‘நிழல்’ என்னும் ஒரே சொல்லில் வந்து கூடியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

ஷெய்கு அவர்களின் கருத்தை ஒப்பாத உலமாக்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவ்வாதத்துள் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கேட்க விழைவது அதற்கு அடுத்த வினா. நிழலைச் சிறைப்பிடிக்கிறவன் அதை எதற்காகப் பிடிக்கிறான்? இமாம் புகாரீ அவர்கள் தம் பெருந்தொகுப்பின் வாயிலிலேயே நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை வைத்தார்கள் என்பதை நம் மதரஸா மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். கருவிக்கு நிய்யத் இல்லை. அதன் பின்னால் நிற்கும் மனிதனுக்கு உண்டு.

இவ்வினா இன்று முன்னினும் முக்கியமாகிவிட்டது. ஒருவர் ஒரே பொருளை மேற்கொண்டு, ஐந்தாண்டு பத்தாண்டு, சிலபோது ஆயுள் முழுவதும் அதனையே பின்தொடர்ந்து படமெடுத்து, அவற்றைக் கோவைப்படுத்தி நூலாகவோ கண்காட்சியாகவோ அளிக்கும் வழக்கம் நம் காலத்தில் வேரூன்றியிருக்கிறது. இதனை நிழற்படத் திட்டம் என்பர். தனிப்படம் ஒரு சொல் என்றால், இத்தகைய திட்டம் ஒரு கிதாபு. கிதாபுக்கு ஆசிரியன் உண்டு. அவனுக்கென்று ஒரு பார்வையும் உண்டு. பலர் ஒரே இடத்தைப் படமெடுத்திருந்தால் இப்பார்வைகளின் வேறுபாடு தெளிவாகத் துலங்கும். நம் உள்ளங்கள் நாள்தோறும் ஐவேளை திரும்பும் திசையைவிட அதற்குப் பொருத்தமான இடம் வேறு எது? திருமக்காவையும் மதீனா முனவ்வராவையும் நிழலில் பதித்தோரின் வரலாறு ஒன்றரை நூற்றாண்டைக் கடந்தது. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி இன்றைய படைப்புகளின் உள்ளம் நமக்கு விளங்காது.

முதலில் வந்த பொறியாளர்

அவ்வரலாற்றின் முதற்பெயர் முஹம்மது ஸாதிக் பே. 1832இல் பிறந்த எகிப்தியர். படைத்துறையில் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் பணி புரிந்தவர். பாரிஸ் நகரில் உயர்கல்வி கற்றவர். 1861இல் செங்கடற்கரைத் துறைமுகமாகிய வஜ்ஹிலிருந்து மதீனாவுக்குச் செல்லும் வழியை அளந்து படம் வரையும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அளவைக் கருவிகளோடு நிழற்படக் கருவியையும் அவர் உடன் கொண்டு சென்றார். மதீனா நகரின் முதல் நிழற்படங்கள் அப்பயணத்தில் எடுக்கப்பட்டவையே.

அக்காலத்தில் படமெடுப்பதென்பது இன்றுபோல் விரலால் தொடுகிற வேலையன்று. கண்ணாடித் தகட்டின்மேல் மருந்துக் கரைசலைப் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே கருவிக்குள் வைத்துப் படம்பிடித்து, காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்க வேண்டும். ஹிஜாஸின் வெயிலில் ஈரம் எத்தனை நொடி தங்கும்! ஒவ்வொரு படமும் காலத்தோடு நடத்திய பந்தயமாகவே இருந்திருக்கும்.

1880இல் எகிப்திய மஹ்மலோடு சென்ற ஹஜ் கூட்டத்தின் பொருளாளராக ஸாதிக் பே மீண்டும் ஹிஜாஸ் சென்றார். இம்முறை கஅபத்துல்லாஹ்வும் மஸ்ஜிதுல் ஹராமும் அவர் தகடுகளில் பதிந்தன. பல தகடுகளை அடுத்தடுத்து ஒட்டி நகர் முழுவதையும் அகன்ற காட்சியாகவும் அமைத்தார். கஅபாவின் திறவுகோலைக் காத்துவந்த ஷைபீ குடும்பத்துப் பெரியவரின் படத்தையும் எடுத்தார். 1881இல் வெனிஸ் நகரில் நடைபெற்ற புவியியல் மாநாட்டின் கண்காட்சியில் இப்படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அவருடைய பார்வை என்ன? அவர் ஒரு பொறியாளர். கூடவே ஒரு ஹாஜி. இவ்விரண்டையும் அவர் பிரித்துக்கொள்ளவில்லை. ‘மஷ்அலுல் மஹ்மல்’ முதலிய தம் பயண நூல்களில் வழியின் தூரங்களையும் தங்குமிடங்களையும் கணக்கிட்டு எழுதினார். பின்னர் 1896இல் ‘தலீலுல் ஹஜ்’ என்று ஹாஜிகளுக்கு ஒரு வழிகாட்டி நூலும் அளித்தார். அவர் படங்களும் அத்தகையனவே. வியப்பூட்டுவது அவற்றின் நோக்கமன்று. இதுவரை வராதவனுக்கு வழி காட்டுவதே நோக்கம். படங்களின்மேல் தம் பெயரை அரபியில் பொறித்தார். தம் வேலைக்குத் தாமே பொறுப்பு என்று ஒப்பமிடும் பொறியாளனின் முறை அது. இக்கையொப்பத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அடுத்து வருவது அழிக்கப்பட்ட ஒரு கையொப்பத்தின் வரலாறு.

இரண்டு அப்துல் கஃப்பார்கள்

1884 ஆகஸ்டில் ஜித்தாத் துறைமுகத்தில் ஒரு டச்சு இளைஞர் வந்திறங்கினார். கிறிஸ்டியான் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்பது பெயர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் மக்காவின் ஹஜ்ஜைப் பற்றி ஆராய்ந்து 1880இல் பட்டம் பெற்றவர். ஜித்தாவில் கலிமாச் சொல்லி, அப்துல் கஃப்பார் என்று பெயர் சூட்டிக்கொண்டு, 1885 பிப்ரவரியில் திருமக்காவுக்குள் சென்றார். அவர் உள்ளத்தில் இருந்தது என்னவென்பதை அல்லாஹ்வே அறிவான். நாம் அறிவது அவர் செயலைத்தான். கீழ்த்திசைத் தீவுகளை ஆண்ட டச்சு அரசு, ஹஜ்ஜுக்குச் செல்லும் ஜாவா, சுமத்ரா முஸ்லிம்கள் விடுதலை எண்ணத்தோடு திரும்பி வருகிறார்களோ என்று அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. மக்காவில் தங்கிய ஜாவாக்காரர்களின் வாழ்க்கையை அவர் நுணுகி ஆராய்ந்தார். பின்னாளில் 1889 முதல் 1906 வரை அத்தீவுகளிலேயே அரசின் ஆலோசகராக இருந்து, அச்சே மக்களுக்கு எதிரான போரிலும் தம் அறிவைப் பயன்படுத்தினார்.

மக்காவில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவர் அந்நகரத்து மருத்துவர். அவர் பெயரும் அப்துல் கஃப்பார் என்பதே. ஸையித் அப்துல் கஃப்பார் என்னும் இப்பெரியவர் டச்சுக்காரரிடம் நிழற்படக் கலையின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார். 1885 ஆகஸ்டில், தைமாக் கல்வெட்டுத் தொடர்பான பூசலொன்றில் பெயர் அடிபட்டதால், ஸ்னூக் மக்காவை விட்டு வெளியேற்றப்பட்டார். ஹஜ்ஜுக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. ஹஜ்ஜைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவ்வாண்டு ஹஜ்ஜைக் கண்ணால் காணாமலே கப்பலேறினார். கருவியோ மருத்துவரிடம் தங்கிவிட்டது.

அதன்பின் மருத்துவர் தாமே படமெடுத்தார். மினாவில் கூடாரங்கள், அரஃபாத்தில் மக்கள் திரள், ஹரமில் தொழும் கூட்டம், நகரத்துப் பிரமுகர்கள் ஆகியோரை எல்லாம் பதித்து, ஜித்தாவிலிருந்த டச்சுத் தூதரகத்தின் வழியே லெய்டனுக்கு அனுப்பினார். தகடுகளில் அழகிய அரபு எழுத்தில் தம் பெயரையும், மக்காவின் மருத்துவர் என்னும் தம் தொழிலையும் பொறித்திருந்தார். மக்காவாசி ஒருவரே தம் ஊரைப் படமெடுத்த முதல் முயற்சி இது.

1888இலும் 1889இலும் ஸ்னூக்கின் படத்தொகுதிகள் ஐரோப்பாவில் வெளிவந்தன. 1889ஆம் ஆண்டுத் தொகுதியில் மருத்துவரின் படங்கள் இடம்பெற்றன. ஆனால் அச்சான படங்களில் அந்த அரபுக் கையொப்பங்கள் இல்லை, அவை நீக்கப்பட்டிருந்தன. முன்னுரையில், தாம் பயிற்றுவித்த அரபு மருத்துவர் ஒருவர் எடுத்தவை என்ற குறிப்பு மட்டும் உண்டு, பெயர் இல்லை. லெய்டனில் பேணப்பட்ட மூலப் பிரதிகளை ஆய்வாளர்கள் பார்த்த பின்னரே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, மக்காவின் முதல் நிழற்படக்காரருக்கு அவருடைய பெயர் திரும்பக் கிடைத்தது.

ஸ்னூக்கின் நூல்கள் அறிவு நிறைந்தவை. பழைய மக்காவைப் பற்றி எழுத முனைவோர் இன்றும் அவற்றை ஒதுக்க முடியாது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஹதீஸ் கலை பயின்ற நமக்கு இஸ்னாதின் மதிப்பு தெரியும். அறிவிப்பாளரின் பெயரை மறைத்துவிட்டு மத்னை மட்டும் ஏற்பதை நம் முஹத்திஸ்கள் ‘தத்லீஸ்’ என்று குறை கூறினர். படத்துக்கும் இஸ்னாது உண்டு. எடுத்தவர் யார், எப்போது, யார் அனுமதியுடன், யாருக்காக என்பன தெரியாத படம் பாதிச் சாட்சிதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்லி சாந்தினி சௌக்கில் நிழற்படக் கூடம் நடத்திய எச். ஏ. மிர்சா நிறுவனத்தார் ஹரமைன் படங்களை வெளியிட்டனர். எகிப்திய ஹஜ் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய இப்ராஹீம் ரிஃப்அத் பாஷா 1925இல் ‘மிர்ஆத்துல் ஹரமைன்’ என்னும் இரு பாகப் பெருநூலில் தம் படங்களைச் சேர்த்து அளித்தார். கஅபாவின் படம் முஸ்லிம் இல்லங்களின் சுவருக்கு வந்து சேர்ந்தது இத்தகையோரின் உழைப்பாலேயே.

வெளியிலிருந்து வந்தவரும் உள்ளிருந்து பார்த்தவரும்

நம் காலத்துக்கு வருவோம். 1946இல் லண்டனில் பிறந்த பீட்டர் சாண்டர்ஸ் இளமையில் மேலைநாட்டு இசைக் கலைஞர்களைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர். அப்புகழில் அவர் மனம் நிறையவில்லை. ஞானத்தைத் தேடி இந்தியாவுக்கு வந்து திரும்பி, பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். 1971இல் ஹஜ்ஜுக்குச் சென்றபோது படமெடுக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. மேலை நாட்டவருக்கு அந்நாளில் அது அரிதாகக் கிடைத்த பேறு.

அவருடைய உண்மையான திட்டம் அதன்பின் தொடங்கியது. முஸ்லிம் உலகெங்கும் மறைந்து வாழும் ஆலிம்களையும் ஞானியரையும் தேடிச் சென்று படமெடுப்பதில் பல பத்தாண்டுகளைக் கழித்தார். அவர்களுட் பலர் புகழை வெறுத்தவர்கள். கருவியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள். அத்தகையோரிடம் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. 2019இல் ‘மலைகளுடன் சந்திப்புகள்’ என்று பொருள்படும் பெயரில் அத்தொகுதி வெளிவந்தது. அதற்குள் அவர்களிற் பலர் இவ்வுலகை நீத்துவிட்டனர். பெரிய மனிதர்களின் ‘தபகாத்’ நூல்களை நம் முன்னோர் எழுத்தில் எழுதினார்கள். இவர் நிழலில் எழுதியிருக்கிறார். முற்காலத்தில் ஸ்னூக்கும் பெயர் மாற்றிக்கொண்டு வந்தார். இவரும் புதுப்பெயர் ஏற்றவர்தாம். இருவர் கையிலும் ஒரே வகைக் கருவி. ஒருவர் ஆராய வந்தார். ஒருவர் கற்க வந்தார்.

ரீம் அல்ஃபைஸல் என்னும் அம்மையார் ஜித்தாவில் பிறந்தவர். மன்னர் ஃபைஸலின் பேத்தி. அரபு இலக்கியம் பயின்று, பாரிஸில் நிழற்படக் கலை கற்றவர். ஹஜ் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்து 2009இல் நூலாக வெளியிட்டார். வண்ணத்தை விலக்கியதால் இஹ்ராமின் வெண்மையும் நிழலின் கருமையும் மட்டும் எஞ்சுகின்றன. அரசன் யார், ஆண்டி யார் என்று அப்படங்களில் பிரித்தறிய முடிவதில்லை. ஹஜ்ஜின் பாடமும் அதுவேயன்றோ!

மீண்டும் ஒரு மருத்துவர்

இப்போது இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகிறோம். மக்காவின் மருத்துவர் ஒருவர் கருவியைக் கையிலேந்திய நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், அதே நாட்டில் மற்றொரு மருத்துவர் அவ்வேலையைத் தொடர்ந்தார். அவர் அஹ்மத் மாத்திர். 1979இல் தபூக்கில் பிறந்து, அஸீர் மலைநாட்டின் அப்ஹாவில் வளர்ந்து, அங்கேயே மருத்துவம் பயின்று மருத்துவமனையில் பணியாற்றியவர். மனித உடலின் எக்ஸ்ரே படங்களைப் பழைய ஏட்டுச்சுவடிகளின் அலங்காரத்தோடு இணைத்துப் படைத்த ஓவியங்களால் முதலில் அறியப்பட்டார்.

அவருடைய ‘காந்தம்’ என்னும் படைப்பைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். கரிய கனசதுரக் காந்தம் ஒன்று நடுவில். அதைச் சுற்றி ஆயிரமாயிரம் இரும்புத் துகள்கள் வட்டமிட்டு எழுந்து நிற்கின்றன. அதன் நிழற்படத்தைக் கண்டவுடன் முஸ்லிமின் உள்ளம் தவாஃபை உணர்கிறது. மக்காவுக்குச் சென்று வந்த வீட்டு முதியோர், கஅபா தங்களைக் காந்தம்போல் இழுத்ததாகச் சொல்லக் கேட்டதே அதன் மூலம் என்று அவர் கூறியிருக்கிறார். 2012இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நடந்த ஹஜ் கண்காட்சியில் அது இடம்பெற்றது.

ஆயினும் வரலாற்று நோக்கில் அதனினும் பெரியது அவர் பல ஆண்டுகள் மக்காவுக்கு மீண்டும் மீண்டும் சென்று உருவாக்கிய நிழற்படத் திட்டம். அதன் பெயர் ‘ஃபாரான் பாலைவனம்’. ஃபாரான் என்பது மக்கா நிலத்துக்கு வழங்கிய தொல்பெயர் என்பது நம் அறிஞர்கள் கருத்து. 2016இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக அது வெளிவந்தது. மக்காவின் பெரும் விரிவாக்கத்துக்குப் பின்னாலுள்ள, அதிகாரப்பூர்வமல்லாத வரலாறுகள் என்பது அதன் துணைத் தலைப்பின் கருத்து.

அந்த விரிவாக்கம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஸாதிக் பேயின் படங்களிலும் மருத்துவர் அப்துல் கஃப்பாரின் படங்களிலும், மதாஃபைச் சுற்றி 16ஆம் நூற்றாண்டில் எழுந்த உஸ்மானியர் காலத்து வளைவு மண்டபங்களும், அவற்றையொட்டி மாடி வீடுகளும், குன்றின்மேல் அஜ்யாத் கோட்டையும் தெரியும். 1955 முதல் ஹரமின் விரிவாக்கப் பணிகள் கட்டங்கட்டமாக நடந்துவந்தன. 2002இல் அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த மாளிகைத் தொகுதியின் கடிகாரக் கோபுரம் 601 மீட்டர் உயரமுடையது. 2011இல் மேலும் ஒரு பெரும் விரிவாக்கம் தொடங்கியது.

இடம் விரிய வேண்டிய தேவையை மறுப்பது நேர்மையாகாது. 2012ஆம் ஆண்டு ஹஜ்ஜில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அத்தனை பேருக்கும் நிற்க இடமும், குடிக்க நீரும், நடக்க நிழலும் வேண்டும். நம் ஊர்களிலிருந்து செல்லும் முதியோர் இன்று குளிர்ந்த தளத்தில் நடந்து ஸயீ செய்வது அவ்விரிவாக்கத்தின் பயனே. அதே வேளையில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த தெருக்கள் மறைந்துபோயின என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒரே சட்டத்துள் நிறுத்தியதுதான் மாத்திரின் பார்வை.

‘பொன்வேளை’ என்று பொருள்படும் 2011ஆம் ஆண்டுப் படத்தில் ஹரம் ஷரீஃபும், அதற்குமேல் விண்ணை முட்டும் கோபுரமும், சூழ நிற்கும் பாரந்தூக்கிகளும் ஒருங்கே தெரிகின்றன. மற்றொரு படத்தில் உயர்ந்த ஓட்டல் ஒன்றின் வசதி மிக்க அறை. அதன் சாளரக் கண்ணாடிக்கு அப்பால், கீழே சிறியதாகக் கஅபா. அப்படத்துக்கு அவர் வைத்த பெயர், உயிரற்ற பொருள்களை வரையும் ஓவிய வகைக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்குவது; சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இறந்த இயற்கை’ என்பது அதன் பொருள். அவர் முழக்கம் எழுப்பவில்லை, யாரையும் சாடவில்லை. மேலிருந்து கீழே கஅபாவைப் பார்க்கும் அந்த அறையில் நாம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிடுகிறார். இடிக்கப்பட்ட வீடுகளின் மரச் சாளரங்களையும் அவர் தேடிச் சேர்த்தார். 2017இல் நியூயார்க் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவருடைய மக்காக் கண்காட்சியில் அவையும் வைக்கப்பட்டன. வீடு போன பின்னும், அவ்வீட்டார் எதன் வழியே ஹரமின் திசையை நோக்கினார்களோ அது எஞ்சி நின்றது.

இத்திட்டத்தில் நம்மை மிகவும் நெகிழ்விப்பது ஒன்று உண்டு. 2013இல் அவர் ஒரு குறும்படம் தொகுத்தார். அதன் காட்சிகளை எடுத்தவர் அவரல்லர். கட்டுமான வேலைக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கைப்பேசிகளில் எடுத்தவை அவை. கோபுரத்தின் உச்சியில் பொருத்துவதற்காகப் பொன்னிறப் பிறையை மேலே தூக்குகிறார்கள். அதன்மேல் ஒரு தொழிலாளி அமர்ந்து செல்கிறார். கீழே மாநகரம் புள்ளியாகக் கிடக்கிறது. உலகம் முழுவதும் அக்கோபுரத்தைக் கண்டிருக்கிறது; அந்தப் பிறையின்மேல் சவாரி செய்த மனிதனின் கண்ணால் மக்காவைக் கண்டவர் எத்தனை பேர்? 2015 செப்டம்பர் 11 அன்று ஹரமின்மேல் பாரந்தூக்கி சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அப்பணியிடங்களில் எத்தனை ஆபத்துகளுக்கிடையே மனிதர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை அன்று உலகம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தது. தொழிலாளரின் கையிலிருந்த படமோ அதை முன்னரே சொல்லிவிட்டிருந்தது.

முற்காலத்தில் மக்காவாசியின் படத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டு அவர் பெயரை நீக்கினார். இக்காலத்து மருத்துவரோ, தம் கருவியைக் கீழே வைத்துவிட்டு, எளியவர் எடுத்த காட்சிக்கு இடம் கொடுத்தார். ஒரு நூற்றாண்டில் நிழற்படக் கலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் தேவையில்லை.

பெயரே தலைப்பாக

இன்னொரு திட்டத்தையும் சொல்லாமல் முடிக்க இயலாது. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புனித அறையைக் காக்கும் பணி பல நூற்றாண்டுகளாக ‘ஆகாக்கள்’ எனப்படும் அண்ணகர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர்கள் அபிசீனிய வம்சத்தவர். ஒரு காலத்தில் பெருங்கூட்டமாக இருந்தவர்கள், பின்னர் புதியவர்கள் சேர்க்கப்படாமையால் அருகிப்போயினர். 2014ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுள் எஞ்சியிருந்த எண்மரைப் படமெடுக்கும் வாய்ப்பு அதில் குரைஷீ என்னும் ஸவூதி நிழற்படக் கலைஞருக்குக் கிட்டியது. ‘காவலர்கள்’ என்னும் பொருளுடைய தலைப்பில் அப்படங்கள் 2015இல் லண்டனில் காட்சிக்கு வந்தன.

பழைய ஐரோப்பியத் தொகுதிகளிலும் ஆகாக்களின் படம் உண்டு. அங்கே அவர்கள் ஒரு வகையினர். உடைக்கும் தொழிலுக்கும் எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்டவர்கள். குரைஷீயின் படங்களில் ஒரு முதியவரின் முகம் மட்டும் பேருருவாய் நம்மை நேரே நோக்குகிறது. சுருக்கங்கள் தெரிகின்றன, கண்ணில் பல்லாண்டுப் பணிவு தெரிகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அப்பெரியவரின் சொந்தப் பெயரே தலைப்பு. ஆயிரம் ஹாஜிகள் ரவ்ளா ஷரீஃபின் முன் நின்று ஸலாம் கூறித் திரும்பியிருப்பார்கள். அத்திரைக்குப் பின்னே விளக்கேற்றிக் கூட்டிப் பெருக்கியவர் பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே. அவர்களின் பணி முடிவுறும் தறுவாயில் ஒருவர் சென்று கேட்டு எழுதி வைத்தார். இதுவும் ஒரு ‘தபகாத்’ அன்றோ!

நாம் பெறும் பாடம்

ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் பலர் ஒரே திசையில் கருவியைத் திருப்பினர். பொறியாளர் வழி காட்ட நினைத்தார். அரசின் ஆலோசகர் அறிந்து ஆள நினைத்தார். மக்காவின் மருத்துவர் தம் ஊரைத் தாமே சொல்ல நினைத்தார். தேடி வந்தவர் பெரியோரின் முகத்தில் ஒளியைத் தேடினார். அஸீரின் மருத்துவர் மறைவதையும் எழுவதையும் ஒருசேரப் பதிக்க நினைத்தார். கஅபா ஒன்றே, படங்கள் வேறு வேறு. அவ்வேற்றுமை கண்ணாடிவில்லையால் வந்ததன்று.

இன்று ஹரமுக்குச் செல்லும் ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. ஸாதிக் பே ஒரு பயணம் முழுவதும் எடுத்த படங்களை நம் வீட்டு இளைஞர் ஒரு தவாஃபின் நேரத்துக்குள் எடுத்துவிடுகிறார். எண்ணிக்கை பெருகிய அளவுக்கு நோக்கமும் பெருகியிருக்கிறதா? கஅபாவுக்கு முதுகைக் காட்டித் தம் முகத்தைப் பிடிப்பவர், எதைச் சாட்சியாக வைக்கிறார் என்பதைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். படமெடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் ஒரு நொடி நிய்யத்தைச் சரிபார் என்றே சொல்கிறோம். தொழுகைக்குச் செய்வதை இதற்கும் செய்வதில் தவறென்ன?

பெரிய திட்டங்கள் பெரிய கலைஞர்களுக்கு உரியன என்று நாம் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பல் சென்றுகொண்டிருந்த காலம் 1995இல் முடிந்துவிட்டது. அக்கப்பல்களில் சென்ற பாட்டனார், பாட்டியாரின் படங்கள் நம் இல்லங்களின் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறுபடமும், வழியனுப்பக் கூடிய சுற்றத்தாரோடு எடுத்த படமும் அவற்றுள் உண்டு. அவற்றின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. இவர் யார், இன்னார் மகன், எந்த ஆண்டு ஹஜ், அருகில் நிற்கும் அந்தச் சிறுமி யார் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருவரே மிஞ்சியிருப்பர். அவர்களும் போய்விட்டால் அப்படங்களின் இஸ்னாது அறுந்துவிடும். பெயர் நீக்கப்பட்ட மக்கா மருத்துவரின் நிலையே நம் முன்னோர்க்கும் வாய்க்கும். அவருக்காவது ஆய்வாளர்கள் வந்தனர். நம் வீட்டுப் பெட்டியைத் திறக்க எந்தப் பல்கலைக்கழகம் வரப்போகிறது?

ஆகவே வரும் வெள்ளிக்கிழமை மாலையிலாவது அப்பெட்டியைத் திறந்து, பெரியவர்களை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படத்தையும் காட்டிக் கேளுங்கள். சொல்லும் பெயர்களையும் ஆண்டுகளையும் மெல்லிய பென்சிலால் பின்புறத்தில் எழுதி வையுங்கள். அழுத்தி எழுதினால் முகத்தின்மேல் தடம் விழும். மெல்ல எழுதினாலே போதும்.